இருசப்பன் இளமையிலிருந்து ஓய்வு பெற்ற கதை

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி நடப்பவர்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறார்கள். கால் வலியோடு கொஞ்சம் புண்ணியமும் சேருவதாகச் சொல்கிறார்கள். தேரடி வீதியில் ஒரு மணிலாக்கொட்டை மண்டியின் மாடியில் இருந்த வருங்கால உழைப்பு வழிகாட்டு நிலையத்தை இருசப்பன் பதினொரு வருடம் சுற்றினான். அவனும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். அவனுக்குச் சேர்ந்தது ஒரு சுவர்க் கடிகாரம்.

அந்த நிலையம் எப்படி வந்தது என்று கேட்டால், கவலையால் வந்தது. எழுபத்து நாலாம் வருடம் மேலிடத்தில் யாரோ ஒருவருக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் பட்டம் வாங்கிக்கொண்டு தெருவில் நிற்கிறார்களே, கி.பி. இரண்டாயிரம் வரும்போது இவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்கிற கவலை. கவலைக்கு ஒரு குழு போட்டார்கள். குழு ஒரு நிலையத்தைப் பரிந்துரைத்தது. நிலையத்துக்கு ஓர் இயக்குநர், இரண்டு பீரோ, ஒரு சுழல் நாற்காலி, ஒரு தட்டச்சுப் பொறி எல்லாம் வந்தன. வேலை மட்டும் வரவில்லை. வேலை கொடுப்பது நிலையத்தின் வேலை இல்லை, வேலையின் எதிர்காலம் பற்றி வழிகாட்டுவதுதான் என்று முதல் சுற்றறிக்கையிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை.

இருசப்பன் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் மூன்று மைலில் இருந்த ஒரு கிராமத்துக்காரன். அப்பா இல்லை. அம்மா எல்லம்மாளும் அண்ணன் பலராமனும் கல்லாங்காட்டில் மணிலாக் கடலை போட்டு அவனைச் சரித்திரத்தில் பி.ஏ. படிக்க வைத்திருந்தார்கள். இருபத்து நாலு வயதில், துவைத்து மடித்த ஒரே வெள்ளைச் சட்டையோடு அவன் மாடிப்படி ஏறினான்.

விண்ணப்பத்தில் இருபத்திரண்டு கட்டங்கள். பதினேழாவது கட்டம் இப்படி இருந்தது: 'கி.பி. இரண்டாயிரத்தில் தாங்கள் என்ன பணியில் இருப்பீர்கள்?' அன்றைக்கு வந்த மற்ற நூற்று இருபத்தேழு பேரும் குமாஸ்தா, வாத்தியார், சப் இன்ஸ்பெக்டர் என்று எழுதினார்கள். ஒருவன் கலெக்டர் என்றுகூட எழுதினான். இருசப்பனுக்குத் தெரியவில்லை. ஆகவே 'தெரியாது' என்று எழுதினான்.

வினை அங்கேதான் பிடித்தது. மறுநாள் இயக்குநர் சக்கரபாணி அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்.

"நூத்து இருபத்தெட்டுப் பேர்ல நீ ஒருத்தன்தான்ப்பா உண்மைய எழுதியிருக்கே. எதிர்காலத்தைப் பத்தி எந்த முன்முடிவும் இல்லாத மனசு. இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். இன்னியிலேர்ந்து நீதான் நம்ம நிலையத்தோட மாதிரி இளைஞர்."

"சந்தோஷம் சார். வேலை..."

"வேலை எங்கப்பா ஓடிடப் போவுது? மொதல்ல சீனியாரிட்டிதான் முக்கியம். உனக்கு நம்பர் ஒண்ணு போட்டிருக்கேன்."

நம்பர் ஒன்று. இருசப்பன் தபாலாபீசுக்கு ஓடி ஊருக்குக் கார்டு எழுதிப் போட்டான். ஆபீசில் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் முதல் நம்பர் கொடுத்திருப்பதாகவும் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. எல்லம்மாள் அதை வேலை என்று எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்து ஊருக்கே கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவன் உண்மையைச் சொல்லத்தான் போனான். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று திரும்பி வந்தான்.

மாதிரி இளைஞருக்கு என்ன கடமை? மேடையில் உட்காருவது. நிலையம் மாதம் ஒரு கருத்தரங்கு நடத்தும், வருடம் ஒரு மாநாடு நடத்தும். மேடையின் இடது ஓரத்தில் 'இளைஞர்' என்று அட்டை தொங்கும் நாற்காலி அவனுடையது. பேசுகிறவர் 'இந்த இளைஞர்கள்' என்று சொல்லும்போதெல்லாம் அவன் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டும். எழுபத்தாறாம் வருட மாநாட்டில் நாற்பத்தொரு தடவை எழுந்தான். பேச அவனைக் கூப்பிடுவதில்லை. இளைஞர்கள் சார்பாகப் பேச ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார்.

மற்றவர்களெல்லாம் மெல்ல நழுவினார்கள். ஒருவன் கீழ்பென்னாத்தூரில் வேன் வாங்கி ஓட்டினான். ஒருவன் ரமணாசிரமத்துக்கு எதிரே வெள்ளைக்காரர்களுக்குக் காரமில்லாத தோசை சுட்டுப் போட்டான். கலெக்டர் என்று எழுதியவன் பெங்களூர் போய்விட்டதாகக் கேள்வி. போகிற ஒவ்வொருவன் பெயரையும் சிவப்பு மையில் அடித்து, 'வழிகாட்டுதலிலிருந்து விலகினார்' என்று எழுதினார்கள். எழுபத்தெட்டில் பதிவேட்டில் மிச்சம் இருந்தது ஒரே பெயர். அந்த வருட அறிக்கை சொன்னது: 'இளைஞர்: ஒருவர். வேலை பெற்றோர்: இல்லை. நம்பிக்கை: தொடர்ந்து உயர்ந்து வருகிறது.'

இருசப்பன் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். சீனியாரிட்டி ஐயா, சீனியாரிட்டி. நாலு வருடம் காத்திருந்து சேர்த்ததை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா? ஐந்தாம் வருடம் போகலாம் என்றால் அதற்குள் அது ஐந்து வருட சீனியாரிட்டி ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கில் மாட்டியவர்கள் நம் ஊரில் கொஞ்சம் பேரா?

வயிற்றுக்கு என்ன செய்தான் என்றும் கேட்பீர்கள். செங்கம் சாலையில் ஒரு விடுதியில் காலையில் பன்னிரண்டு அறையையும் பெருக்கி, தண்ணீர் தூக்கி ஊற்றுவான். அதற்குப் பின்கட்டில் ஒரு சின்ன அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுத்தார்கள். பெருக்கி முடித்ததும் நிலையத்து மாடிக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பான். இது வேலையில் சேருமா, பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களா என்று பயந்து இயக்குநரிடமே கேட்டான்.

"சேச்சே. அது வேலை இல்லப்பா, பொழப்பு" என்றார் சக்கரபாணி. "வேலைன்னா அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கணும். நீ தைரியமா பெருக்கு."

நிலையத்துக்குச் சமூகப் பொறுப்பும் இருந்தது. வருடத்தில் ஒரு நாள் இருந்தது. ஆடி மாதத்தில் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் மரம் நடுவார்கள். குழி ஒன்றுதான். விருந்தினர் கன்றை வைப்பார், போட்டோ எடுப்பார்கள், ஒரு வாரத்தில் ஆடு தின்றுவிடும். அடுத்த வருடத்துக்குக் குழி தயாராக இருக்கும். இந்த ஏற்பாட்டில் ஆடு உட்பட யாருக்கும் குறை இருந்ததில்லை.

ஒரு வருடம் இருசப்பன் செய்யக்கூடாததைச் செய்துவிட்டான். சாயங்காலத்தில் அவனுக்குப் பேச ஆள் கிடையாது. கூடப் படித்தவர்கள் ஊரில் இல்லை, ஊருக்குப் போனால் பொய் சொல்ல வேண்டும். சும்மா நடந்து போய்க் கன்றைச் சுற்றி முள் வைத்தான். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். மறுநாளும் ஊற்றினான். புங்கங்கன்று பிடித்துக்கொண்டது.

அடுத்த ஆடியில் விருந்தினர் காரிலிருந்து இறங்கினார். குழியைக் காணோம். இடுப்பளவுக்குப் புங்கை நிற்கிறது. கையில் புதுக் கன்றை வைத்துக்கொண்டு விருந்தினர் எதில் நடுவார்? அன்றைக்கு மத்தியானமே இருசப்பனுக்கு மெமோ வந்தது: 'தங்களிடம் ஒப்படைக்கப்படாத வளர்ச்சிப் பணியைத் தன்னிச்சையாக மேற்கொண்டது ஏன்?'

"தண்ணி ஊத்தினேன் சார். வளந்துடுச்சி" என்றான்.

"ஊத்தறதுக்கு முன்னாடி கேக்க வேணாமா? பொறுப்புன்னா இஷ்டத்துக்கு எதையாவது செய்யறது இல்லப்பா. குடுத்ததைச் செய்யணும். குடுக்கலன்னா சும்மா இருக்கணும்." நாலடி தள்ளிப் புதுக் குழி தோண்ட உத்தரவாயிற்று. ஆடு அதற்குப் பழகிக்கொண்டது.

மெமோவைத் தட்டச்சு செய்தவள் சந்திரகலா. போளூர்ப் பெண், நிலையத்தின் ஒரே தட்டச்சர். மத்தியானம் பியூன் சுப்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டால், மாடியில் அவளும் இருசப்பனும்தான். அவள் டிபன் பாக்ஸ் மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு அவன் பக்கம் தள்ளுவாள். அவனும் எங்கேயோ பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். ஐந்து வருடம் இப்படிச் சாப்பிட்டார்கள். ஒரு வேலை மட்டும் கிடைத்திருந்தால் அவன் அவள் வீட்டில் போய்க் கேட்டிருப்பான். சட்டையைத் தோய்த்துப் போடும் ஒவ்வொரு ராத்திரியும், என்ன சொல்லிக் கேட்பது என்று அவன் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

எண்பதாம் வருடம் சந்திரகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வேலூர். கடைசி நாள் மத்தியானம் சோற்றை மூடியில் வைத்தவள், அதைத் தள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. போன வருஷம் உங்களுக்கு ஒரு லெட்டர் வந்திச்சி. ஆரணிப் பக்கம் ஒரு சொசைட்டில குமாஸ்தா வேலை. இன்டர்வியூகூட இல்ல, நேரா சேரச் சொல்லி."

அவன் அவளையே பார்த்தான்.

"டைரக்டர் பதில் போட்டாரு. 'மேற்படி இளைஞர் எதிர்காலத்துக்காக ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளார். தற்போது அனுப்ப இயலாது'னு. நான்தான் டைப் அடிச்சேன்." அவள் மூடியிலிருந்த சோற்றைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரு எழுத்துகூட தப்பில்லாம அடிச்சேங்க. அடிக்கறப்ப என் கையி ஒரு எடத்துலகூட தயங்கி நிக்கல."

அவனுக்கு ஆரணி வேலை போனது அந்த நிமிடம் உறைக்கவில்லை. அவள் போகிறாள் என்பதுதான் உறைத்தது. "பரவால்லீங்க" என்றான். அவள் மூடியை அவன் பக்கம் தள்ளினாள். அன்றைக்குப் பாதி இல்லை, முழுச் சோறும் அதில் இருந்தது. அவனால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் வாழ்க்கையில் முதல் தடவையாக இயக்குநர் அறைக்குள் கூப்பிடாமல் போனான்.

"சார், அந்த ஆரணி லெட்டரு..."

சக்கரபாணி கொஞ்சமும் கலங்கவில்லை. "ஆமா, திருப்பி அனுப்பிட்டேன். உன்னை ஒரு குமாஸ்தாவா அனுப்பிட்டு நான் யாரை வெச்சு மாநாடு நடத்தறது? சமூகத்துக்குனு உனக்கு ஒரு பொறுப்பு இருக்குதில்ல? நீ ஒருத்தன் வேலைக்குப் போயிட்டா, வேலையில்லாத லட்சம் பேருக்கு யாருப்பா பிரதிநிதி?"

"அப்பன்னா இங்கயே ஒரு வேலை குடுங்க சார். பியூன் வேலைன்னாலும் செய்யறேன்."

"இங்கயா?" இயக்குநர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆஸ்பத்திரில படுத்திருக்கற நோயாளிக்கே டாக்டர் வேலை குடுத்துட்டா, அப்புறம் டாக்டர் யாரைப் பாக்கறது? யோசிச்சுப் பேசுப்பா."

இருசப்பன் யோசித்தான். ஆறு வருட சீனியாரிட்டி இருந்தது. வெளியே வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

எண்பத்தொன்றில் எல்லம்மாள் செத்துப்போனாள். சொல்லவேண்டியதைச் சொல்ல அவனுக்கு முந்நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் கிடைத்திருந்தது. சாவுக்கு வந்தவர்கள், "லீவு போட்டுட்டு வந்திருக்கான், பாவம்" என்று அவனுக்கு வழி விட்டார்கள். லீவு கேட்கக்கூட அவனுக்கு ஆள் இல்லை என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பலராமன் ஒரு பத்திரத்தோடு வந்தான்.

"நீ ஆபீஸ்காரன். நாளைக்கிப் பென்ஷன் வரும். உனக்கு எதுக்குடா இந்தக் கல்லாங்காடு? எனக்கு மூணு புள்ளைங்க இருக்குது."

அண்ணன் பேராசைக்காரன் இல்லை. தம்பிக்கு வேலை இருக்கிறது என்று மனதார நம்பினவன். அந்த நம்பிக்கையைக் கெடுக்க இருசப்பனுக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டான். அதன் பிறகு ஊருக்குப் போக அவனுக்குக் காரணமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் கொள்ளாத கூட்டம் மலையைச் சுற்றும்போது, அவன் புங்க மரத்தடியில் உட்கார்ந்து போகிறவர்களைப் பார்ப்பான். யாராவது தெரிந்தவர் வருவார் என்று பார்ப்பான். பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள்.

எண்பத்து நாலு மாநாட்டில் 'யந்திரமும் எதிர்காலமும்' என்று தலைப்பு. அப்போது சக்கரபாணிக்கு அறுபத்திரண்டு. மூன்று தடவை பணி நீட்டிப்பு வாங்கியிருந்தார். பொறுப்பேற்க இளைஞர்கள் முன்வரவில்லை என்று ஒவ்வொரு தடவையும் காரணம் எழுதினார்.

"இன்னும் பதினாறே வருஷம்" என்று கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார். "கம்ப்யூட்டர் வரப்போகிறது. எல்லா வேலையையும் அதுவே செய்யும். மனித குலம் முழுவதும் சும்மா உட்காரப்போகிறது. உலகம் அதற்குத் தயாரா? அமெரிக்கா தயாரா? ஜப்பான் தயாரா? இல்லை. ஆனால் திருவண்ணாமலை தயார். இதோ, எல்லோரும் இரண்டாயிரத்தில் செய்யப்போவதை இந்த இளைஞர் பத்து வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்!"

இருசப்பன் எழுந்து கும்பிட்டான். அன்றைக்கு வந்த கைதட்டல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. கைதட்டல் அடங்கி, மண்டபம் காலியாகி, சுப்பன் நாற்காலிகளை மடக்கும் வரைக்கும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். போவதற்கு ஓர் இடம் இருந்தால் போயிருப்பான்.

மறு வருடம் இளைஞர் ஆண்டு என்று உலகமே கொண்டாடியது. அதையொட்டி ஒரு சுற்றறிக்கை வந்தது: முப்பத்தைந்து வயது நிறைந்தவர் இளைஞர் ஆகமாட்டார். இருசப்பனுக்குப் போன ஆனியில் முப்பத்தைந்து நிறைந்திருந்தது. நிலையத்தில் இரண்டு நாள் அவசரக் கூட்டம் நடந்தது. இயக்குநருக்கு நாலாவது நீட்டிப்புக் கேட்டு ஒரு தீர்மானமும், தலைமுறை மாற்றத்தை வரவேற்று ஒரு தீர்மானமும் நிறைவேறின. இரண்டாவது தீர்மானப்படி, வயது முதிர்வு காரணமாக இருசப்பன் இளைஞர் பதவியிலிருந்து ஓய்வு பெறுகிறார்.

முறையாகவே செய்தார்கள், குறை சொல்லக்கூடாது. மாலை போட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வாழ்த்து மடலில் 'பதினொரு ஆண்டு அப்பழுக்கற்ற இளமை' என்று அச்சடித்திருந்தது. நிலையத்தின் சாதனையாக ஒரு மரத்தையும் குறிப்பிட்டிருந்தார்கள்.

"மூத்தவர்கள் வழிவிட வேண்டும்" என்றார் சக்கரபாணி. "நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த தலைமுறை எங்கே உட்காரும்? இருசப்பன் அவர்கள் பெருந்தன்மையோடு எழுந்திருக்கிறார்."

எழுந்த நாற்காலியில் மூர்த்தி உட்கார்ந்தான். இருபத்திரண்டு வயது, பி.காம்., துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை. அவனும் பதினேழாவது கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தான். நிலையத்தில் இப்போது அதை அச்சடித்தே கொடுத்தார்கள்.

கூட்டம் கலையும்போது இருசப்பன் அவன் பக்கம் குனிந்தான். "தம்பி, வேற எதுனா கெடச்சா போயிடு. தோசை சுடற வேலைன்னாலும் போயிடு."

"எப்டிண்ணே போறது?" என்றான் மூர்த்தி, கண் மின்ன. "எனக்கு நம்பர் ஒண்ணு குடுத்திருக்காங்க."

ஓய்வு பெற்றவரை மாலையோடு வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவது நம் பக்கத்து ஆபீஸ் வழக்கம். வீட்டில் ஆரத்தி எடுத்து வாங்கிக்கொள்வார்கள், வந்தவர்களுக்குக் காப்பி உண்டு. வேண்டாம் என்று இருசப்பன் கெஞ்சிப் பார்த்தான். வழக்கத்தை மாற்ற முடியாது என்று ஜீப்பில் ஏற்றினார்கள். செங்கம் சாலையில் விடுதியின் பின்கட்டுக்கு இயக்குநர், சுப்பன், இன்னும் நாலு பேர் ஊர்வலமாக வந்தார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது.

"வீட்டுல யாரும் இல்லையா?"

"இல்ல சார்."

"எப்ப வருவாங்க?"

"யாரும் இல்ல சார்."

சக்கரபாணி பூட்டைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். "சட்டப்படி யாராவது உன்னைப் பெற்றுக்கொள்ளணுமே. சரி, ஒண்ணு பண்ணு. நீ தொறந்து உள்ள போயி நில்லு. நாங்க கொண்டாந்து விடறோம்."

"யாரை சார்?"

"உன்னைத்தான்."

இருசப்பன் பூட்டைத் திறந்து உள்ளே போய் நின்றான். பிறகு வெளியே வந்து, கொண்டுவந்து விடப்பட்டான். ஆரத்தியும் காப்பியும் இல்லை என்று தெரிந்ததும் நாலு பேர் ஜீப்புக்குத் திரும்பினார்கள். நீட்டிப்புக் கோப்பு மேஜையில் காத்திருந்ததால் இயக்குநரும் போனார். ஒப்படைப்புப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாலையோடு நடந்து வரும்படி சுப்பனை விட்டுவிட்டுப் போனார்கள். மூர்த்தியின் பதவியேற்புக்கு வேறு மாலை வாங்க அனுமதி இல்லை.

சுப்பன் பதிவேட்டை வாசற்படியில் விரித்தான். மேஜை நாற்காலி ஒப்படைப்புக்காக அச்சடித்தது அது. ஒப்படைக்கும் பொருள்: இருசப்பன், பி.ஏ. எண்ணிக்கை: ஒன்று. பொருளின் நிலை என்ற கட்டம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே பெற்றுக்கொண்டவர் கையொப்பம்.

இருசப்பன் பேனாவை வாங்கினான். இந்த நிலையத்தின் காகிதத்தில் அவன் எப்போதும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறான். 'புதிதாகவே இருக்கிறது. உபயோகிக்கவே இல்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான்.

சுப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். "இன்னாப்பா இது, இப்டி எழுதிட்டியே. ஆபீசுல ஒத்துக்குவாங்களா?"

"படிக்க மாட்டாங்கண்ணே."

 சுப்பன் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து, 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையை அதன் மேல் பதித்தான். பூ உதிராமல் மாலையைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டான். நாலு அடி போனவன், பதினொரு வருடமாகச் சாயங்காலம் கேட்கும் பழக்கத்தில் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"நாளைக்கி வர்றியா?"

இருசப்பனும் பழக்கத்தில், "வர்றேண்ணே" என்றான்.